நாற்பது நொடி

ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கும் மென்பொருளுக்கு எந்தக் கன்டெய்னர் தளம் நல்லது என்று ரெஜினாவும் இளம்பரிதியும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மென்பொருளைத் தனக்குள் வைத்து கணினியில் ஓடும் உறைதான் கன்டெய்னர்; அதை வேண்டுமென்றே கொன்று, அதாவது சட்டென நிறுத்தி, தளம் அதை எத்தனை நொடியில் எழுப்புகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. புதிய தளத்துக்கு மூன்று நொடி. இப்போது இருக்கும் பழைய தளத்துக்கு நாற்பது.

“என்னப்பா, உன் ஆளு பல்லு வெளக்கிட்டுதான் எந்திரிப்பானா?” என்று ரெஜினா சிரித்தாள்.

இளம்பரிதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். “தப்பான விண்டோவுல அடிச்சிட்டேங்க்கா. சோதனைக்கு வச்சத இல்ல, நெஜமா ஓடிட்டிருந்ததக் கொன்னுட்டேன்.”

தொலைபேசிப் பதிவைத் திறந்தார்கள். அந்த நாற்பது நொடிக்குள் ஒரே எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்து அறுந்திருந்தன. அதற்குப் பிறகு அந்த எண் அழைக்கவேயில்லை.

ரெஜினா அந்த எண்ணுக்குப் போட்டு, ஆம்புலன்ஸ் சேவையிலிருந்து பேசுவதாகச் சொன்னாள். எடுத்தவர் குரலில் கோபமே இல்லை.

“மெதுவாவே வாங்கம்மா. இனி அவசரமில்ல.”