உதட்டில் உப்பு

பாலியில் எங்கள் எதிர்வீட்டுக் குழந்தை கடேக் திடீரென்று சோற்றைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு, "வயிறு நெறஞ்சிருக்கும்மா" என்பாள். அவள் அம்மா சுவார்னி பயந்துபோய் நர்ஸிடம் தூக்கிக்கொண்டு போனாள். எடை போட்ட நர்ஸ் சிரித்தாள்.

"சாப்பிடவே மாட்டேங்கிறாளா? புள்ள பூசணிக்கா மாதிரி ஏறிக்கிட்டே போறா!"

சமைத்ததும், வீட்டார் வாய் வைக்கும் முன், இலைத்துண்டுகளில் துளிச் சோறும் உப்பும் அடுப்புக்கும் கிணற்றுக்கும் வாசலுக்கும் படைத்துத் தண்ணீர் தெளிப்பது எங்கள் வழக்கம். ஒருநாள் மகளோடு கோயிலுக்குக் கிளம்பிய அவசரத்தில் சுவார்னி அதை மறந்துவிட்டாள்.

மத்தியானம் திரும்பும்போது வழியெல்லாம் குழந்தை வீறிட்டு அழுதாள். "பசிக்குதும்மா!"

வீட்டில் சோறும் மீனும் போட்டுக் கொடுத்தால் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சுவார்னிக்கு அப்போதுதான் படையல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அடுப்பின் மேல் இலையை வைத்தாள்.

பின்னால் அழுகை நின்றது. வெறுங்கையோடு உட்கார்ந்திருந்த கடேக் நிதானமாக மென்றுகொண்டிருந்தாள். உதட்டில் உப்பு ஒட்டியிருந்தது.

சுவார்னி தன்னையறியாமல் கைகூப்பினாள்.

குழந்தைக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணி தெளிக்கலியேம்மா?"