பாலத்துக் காவலாளி

ரகசியத் தாக்குதல் பற்றிய அந்தப் போர்ப் புத்தகத்தைப் படித்ததிலிருந்து தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருத்தச் சொல்லிப் பதிப்பகத்துக்குப் போன் செய்து வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில், அதை எழுதிய ஓய்வுபெற்ற தளபதியையே புத்தகக் கடையில் மடக்கிவிட்டார்.

“பாலத்துக் காவலாளி தூங்கிட்டான், அதனாலதான் உள்ள நுழைஞ்சோம்னு எழுதியிருக்கீங்க. அது தப்பு சார்.”

“அவனைத் தாண்டிப் போனவனே நான்தாங்க. குறட்டைச் சத்தத்தைக் காதால கேட்டேன்!”

“குறட்டை விட்டா தூக்கமா?”

தளபதிக்கு எரிச்சல் வந்தது. “நீங்க என்ன, எங்க படையில இருந்தீங்களா?”

“இல்ல, எதிர்ப்படையில. அந்தக் காவலாளி நான்தான்.” என்றார் தையல்காரர். “வந்தவங்க எல்லாரும் சின்னப் பசங்க. சுட மனசு வரல. அதான் கண்ணை மூடிக் குறட்டை விட்டேன். வேலை நேரத்துல தூங்கினவன்னு மட்டும் எழுதாதீங்க சார்!”