தலந்தா தொட்ட பின்னல்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. ஒரு கதை சொல்கிறேன். சின்னக் கதைதான், ஒரு தலைத்துணியை அவிழ்க்கிற நேரம்தான் ஆகும்.

கடலோர ஊரான மஹ்தியாவில், பெண்கள் சேர்ந்து குளிக்கிற ஹம்மாமில், வெந்நீர் ஆவிக்கு நடுவே, மொன்ஜியா தன் தலைத்துணியை அவிழ்த்தாள்.

குலவை எழுந்தது.

ஒன்றரை வருடமாக அந்தத் தலையை ஒருவரும் பார்த்ததில்லை. இப்போது காதுக்குக் கீழே வரை கறுகறுவென்று முடி. நெற்றியோரம் மட்டும் வெள்ளையாய் ஒரு கொத்து, பச்சைப்பிள்ளை முடி மாதிரி.

அன்று மகள் யுஸ்ராவின் கல்யாணக் குளியல். மெழுகுவத்தி ஏற்றி, பாட்டுப் பாடி, மணப்பெண்ணுக்குக் குளியல் மண் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அவளை விட்டுவிட்டு அம்மாவின் தலையைத் தடவ வந்துவிட்டார்கள்.

"மாஷா அல்லாஹ்! மாஷா அல்லாஹ்! மதினி, நாளன்னிக்குக் கல்யாணம் உனக்கா, உன் மகளுக்கா?" என்று கத்தினாள் நாத்தனார் ஃபவ்ஸியா.

அந்தச் சொல் இல்லாமல் அங்கே யாரும் எதையும் புகழ மாட்டார்கள். சொல்லாமல் புகழ்ந்தால் கண் பட்டுவிடும்.

பட்டுத்தான் விட்டது என்றது ஊர். யுஸ்ராவின் நிச்சயத்தன்று மருதாணி போட வந்த தலந்தா, மொன்ஜியாவின் இடுப்புவரை தொங்கிய பின்னலைக் கையில் ஏந்தி, "இது முடியா, கப்பல் கட்டுற கயிறா!" என்றாள். மாஷா அல்லாஹ் சொல்லவில்லையாம். இரண்டே வாரத்தில் மொன்ஜியாவின் உச்சியில் காசு அளவுக்கு வழுக்கை. அப்புறம் கோப்பைத் தட்டு அளவுக்கு. அப்புறம் தலைத்துணி.

அதோடு ஒரு மணப்பெண்ணின் கையும் தலந்தாவிடம் நீளவில்லை. அவள் தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள்.

மொன்ஜியா ஊருக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த மொனாஸ்தீர் நகரத்து டாக்டரம்மா கண் பட்டதைப் பற்றியெல்லாம் கேட்கவில்லை.

"முடி கொட்டுறதுக்கு முன்னாடி வீட்டுல என்னம்மா நடந்துச்சு?"

கதவு மூடியிருந்தது. மொன்ஜியா சொன்னாள். நிச்சயத்துக்கு முந்தின மாதமே கணவன் வேலை பார்த்த மீன் டப்பா ஆலையை மூடிவிட்டார்கள். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும். கணவன் ஹெடி தினமும் சாப்பாட்டுப் பையோடு வேலைக்குப் போவதுபோலக் கிளம்பி, கடலோரக் கல்லறைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வருகிறான். தினமும் அந்தப் பையை அவள்தான் கட்டிக் கொடுக்கிறாள். வாசலில் நின்று, தெரு கேட்க, "வேலைக்கு நேரமாச்சு" என்கிறாள்.

"மன உளைச்சல்லயும் இது வரும். வேர் சாகலம்மா, தூங்குது. எழுப்பிடலாம்" என்றார் டாக்டரம்மா.

மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய், தலையில் பத்துப் பதினைந்து பொடி ஊசி. இரண்டு வேளையும் மருந்து தடவல். ஏழாவது தடவை போனபோது கண்ணாடியில் பூனைமுடி தெரிந்தது. கண்ணாடி முன்னாலேயே அழுதாள். ஊரில் கேட்டவர்களிடம், ஓதிய தண்ணீரில் குணமாகிவிட்டது என்றாள்.

இப்போது ஹெடி ஐஸ் ஆலைக்குப் போகிறான், நிஜமாகவே. மறைக்க அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றைத் தவிர.

ஹம்மாம் கதவு திறந்தது. உள்ளே வந்தவள் தலந்தா.

குலவை பட்டென்று நின்றது. யாரோ அவசரமாக யுஸ்ராவின் கூந்தலைத் துண்டால் மூடினார்கள்.

"வந்துட்டா பாரு, முளைச்சதையும் உருவிட்டுப் போக!" என்றாள் ஃபவ்ஸியா.

தலந்தா யாரையும் பார்க்கவில்லை. கடைசித் தொட்டியருகே, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். தன் கண் ஒருவர்மேலும் விழுந்துவிடக் கூடாதே என்று.

அந்த முதுகைப் பார்த்தாள் மொன்ஜியா. பிறகு ஈரத்தரையில் நடந்து போய் அவள் பக்கத்தில் குந்தினாள்.

"நாளைக்கு யுஸ்ராவுக்கு மருதாணி நீதான் போடணும்."



"அடியாத்தீ, என்ன மனசுடி உனக்கு! தங்கம்டி!" என்றது ஒரு குரல். மறுபடி குலவை, முன்னைவிடப் பலமாக.

தலந்தா மொன்ஜியாவின் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

"யோசிச்சு யோசிச்சுப் பார்த்துட்டேன்க்கா. அந்தச் சொல்லைச் சொன்ன மாதிரிதான் ஞாபகம். ஆனா ஊரே ஒண்ணாச் சொல்றப்ப... என் வாய்தான் தவறியிருக்கும். மன்னிச்சிடுக்கா."

மொன்ஜியா வாயைத் திறந்தாள். குலவை காதை அடைத்தது. அது ஓயட்டும் என்று காத்திருந்தாள். ஓய்ந்ததும், "அதெல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றாள்.

நிச்சயத்தன்று பின்னலைத் தொடும் முன்பே தலந்தா சொல்லியிருந்தாள். மாஷா அல்லாஹ். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அவள் மென்றிருந்த பெருஞ்சீரகத்தின் வாசனைகூட மொன்ஜியாவுக்கு இன்னும் மறக்கவில்லை. "யாரு கண்ணு மதினி?" என்று ஃபவ்ஸியா கேட்டபோது, ஆலை விஷயம் வெளியே வராமலிருக்க, "தலந்தா. அவ சொல்லல" என்றவளும் மொன்ஜியாதான்.

உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும், என் செல்லங்களே. சொல்லவேண்டிய சொல், சொல்லவேண்டிய நேரத்தில், உங்கள் வீட்டார் வாயில் தங்காமல் வந்துவிடட்டும்.