வீட்டுப் பக்கத்துக் கிளைகள்

மரவைத்தியன் கீழ்க்கிளையை உலுக்கினான். காய்ந்த ஊசியிலைகள் சட்டைக் கைக்குள் கொட்டின.

"பக்கத்து வீட்டுப் போலந்துக்காரன்ரை வேலைதான் தம்பி. பனிக்கு உப்புப் போடுறன் எண்டு என்ரை ஸ்ப்ரூஸ் மரத்தைச் சாக்காட்டிப்போட்டான். அப்பிடியே எழுதித் தாங்கோ. நகரசபையிலை குடுத்து அவனை நாறப்பண்ணுறன்."

வீட்டுக்காரர் குகதாசன். நோய் என்னவென்று கேட்கவில்லை. கையெழுத்துக்குத்தான் அவனைக் கூப்பிட்டிருக்கிறார்.

இப்படி ஆட்களை ரொறொன்ரோ முழுக்கப் பார்த்தாயிற்று. மரம் பட்டால் முதலில் பக்கத்து வீட்டைத்தான் பார்ப்பார்கள்.

அவன் மரத்தைச் சுற்றி வந்தான்.

போலந்துக்காரர் பக்கம் பச்சை. நல்ல நீலப்பச்சை.

வீட்டுப் பக்கம்தான் போயிருந்தது. கடந்த ஆறு வருடத்துத் தளிர்கள் விரல் நீளம்கூட வளரவில்லை. நுனி செத்து, அதன் கீழே துடைப்பம் மாதிரிக் கொத்துக் கொத்தாய் வெடித்திருந்தது.

அங்கே எறிந்த உப்பு மரத்தைச் சுற்றி வந்து இங்கே விழுமா? கேட்டால் அதற்கும் மனிதர் ஒரு கதை வைத்திருப்பார். இந்த ஆளோடு பேசி வாயைக் கெடுப்பானேன்.

குகதாசன் கைபேசியில் யாரிடமோ போலந்துக்காரரைத் திட்டிக்கொண்டு கராஜுக்குள் போனார்.

அவன் குந்தியிருந்து மண்ணைக் கிளறினான்.

வெள்ளையாய் ஒரு படை. நாக்கில் வைத்தான். கறியுப்பு.

அதற்குள் இரண்டு செத்தல் மிளகாய்.

போலந்துக்காரர் மிளகாயும் சேர்த்தா பனிக்குப் போடுவார்? அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"தம்பி."

குகதாசனின் மனைவி. செருப்பில்லாமல் வந்திருந்தாள். கண் கராஜிலேயே இருந்தது.

"மகளுக்குத்தான். வெள்ளிக்கிழமையிலை உப்பும் மிளகாயும் அவளின்ரை படத்தைச் சுத்தி நாவூறு கழிக்கிறனான். கரைச்சு, ஆக்கள் மிதியாத இடத்திலை ஊத்தவேணுமெல்லே. அவருக்குத் தெரிஞ்சால் படத்தையும் கிழிச்சுப்போடுவார்."

மகள் தான் விரும்பியவனோடு மொன்றியலுக்குப் போய் ஆறு வருடமாம். அவள் பெயரை அந்த வீட்டில் சொல்லக்கூடாதாம்.

அவன் படையைச் சுரண்டி எடுத்தான். மிளகாயையும் பொறுக்கிப் பைக்குள் போட்டான். பிறகு எழுதினான்.

'அயல்வீட்டு உப்பால் பாதிப்பு இல்லை. மரம் மூன்று அங்குலம் கூடுதல் ஆழத்தில் நடப்பட்டிருக்கிறது. நட்டவரின் பிழை.'

ஆழமாக நட்டது உண்மை. மரம் பட்டது அதனால் இல்லை. அவனுடைய தொழிலில் இது முதல் பொய். இந்த மனிதருக்கு இது போதும்.

நட்டவர் குகதாசன். வீடு குடிபுகுந்த அன்று தன் கையால் நட்டதென்று வந்ததுமே சொல்லியிருந்தார்.

கராஜிலிருந்து வந்து வாசித்தார். காது சிவந்தது.

"உமக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் வேறை ஆளைப் பிடிக்கிறன்."

"பிடியுங்கோ."

கதவு அடித்துச் சாத்தப்பட்டது.

அவள் மரத்தடியிலேயே நின்றாள்.

"இனி எங்கை தம்பி ஊத்துறது?"

"படத்துக்கு வேண்டாம் அக்கா. போய்ப் பிள்ளையை இருத்திவைச்சுக் கழியுங்கோ."

சொன்ன பிறகுதான் தன் மீதே எரிச்சல் வந்தது. சொல்வது லேசு. இவளைக் கோயிலுக்குக்கூட அந்த மனிதர்தான் காரில் கூட்டிப் போவார்.

அவள் வீட்டைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள்.

"மொன்றியல் பஸ் எங்கை நிக்கும் தம்பி?"