ஆங்கிலம் தெரியாத மாணவி

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கு பாஸ்போர்ட், டிகிரி, போலீஸ் சான்றிதழ் எல்லாம் தயார். தேடிப் பிடித்துச் சேர்ந்த கோர்ஸின் கடைசித் தேர்வுதான் பாக்கி. ஆங்கிலமே தெரியாத ஒருவருக்கு, தேர்வாளர் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்க, பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மருமகள் மாமியாரை உட்கார வைத்தாள்.

“இது என்ன, அத்தை?”

“ஆ... ஆப்பிள்.”

“சூப்பர்! முழுசா சொல்லுங்க.”

“திஸ்... ஆப்பிள்... இஸ்!”

“மாணவி முகத்தைக் காட்டுங்க” என்றார் தேர்வாளர்.

கேமரா திரும்பியதும் தேர்வாளர் எழுந்தே நின்றுவிட்டார்.

“மேடம்! காலேஜ்ல எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த நீங்களா?”

மாமியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மன்னிச்சிடுங்க சார், வேற ஆள் கிடைக்கல” என்றாள் மருமகள், அழாத குறையாக.

தேர்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்களை நடுங்க வெச்ச மேடத்தையே திக்க வெச்சுட்டீங்களேம்மா! எந்த ஊர்ப் பிள்ளைங்களையும் சமாளிச்சிடுவீங்க. பாஸ்!”