முன்னால் ஓடுகிறவள்

சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெண்ணைச் சபைக் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தப் படத்தை வரைகிறவள் சாரத்தின் மேல்பலகையில் உட்கார்ந்தபடியே தூரிகையைத் துடைத்தாள். மனசில் இருப்பதை எல்லாம் இன்றைக்கே கொட்டித் தீர்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

ஆலயத்துக்குள் முன்சுவர் முழுக்கக் கெட்ட குமாரன் கதை. சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளைய மகன் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் கந்தலோடு திரும்பி வருகிறான். தகப்பன் அவனைக் கட்டிக்கொள்ள ஓடி வருகிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டு விழா. அன்றைக்கு இதன் திரையை விலக்க வேண்டும்.

மூன்று மாதமாக வரைகிறாள். ஞாயிறு பள்ளிக்குப் படம் போட்டுக் கொடுத்தே விரல் காய்த்தவள், கூலி என்று ஒரு வார்த்தை கேட்காதவள். அதனால் கமிட்டி மறுபேச்சில்லாமல் அவளிடமே சுவரைக் கொடுத்தது.

காகிதத்தில் போட்டுக் காட்டிய மாதிரிப் படத்திலேயே இந்தப் பெண் இருந்தாள். கட்டைவிரல் அளவுதான். யாரோ வேலைக்காரி, வந்தவனுக்கு மாற்றுத்துணி கொடுக்க ஓடுகிறாள் என்று நினைத்து ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வாயைக் கொடுப்பானேன் என்று அவளும் சும்மா இருந்துவிட்டாள்.

படம் சுவரில் ஏறியதும்தான் குட்டு உடைந்தது.

எந்த வேலைக்காரியும் அப்படி ஓட மாட்டாள். முடி அவிழ்ந்து பறக்கிறது. பிசைந்த மாவு கையில் அப்படியே ஒட்டியிருக்கிறது. தகப்பனைவிட நாலு எட்டு முன்னால் ஓடுகிறாள்.

பெற்றவள். கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்தக் கதையில் தாயே கிடையாதே அம்மா என்று ஆரம்பித்தார். பொருளாளர் ஒரு படி மேலே போனார். கதையில் வருகிற தகப்பன் கடவுள், அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியானால் இந்தப் பொம்பளை யார்? நாளைக்கு ஒருவன் எழுந்து கேட்டால் சபை என்ன பதில் சொல்லும்?

நியாயமான கேள்விதான்.

ஆனால் கேட்க அவளிடமும் ஒன்று இருந்தது. விருந்துக்குப் பிடித்து வைத்த கன்று என்ன நிறம் என்று வேதத்தில் எங்கே போட்டிருக்கிறது? போன வாரம் செவலையாகப் போடுங்கள், எடுப்பாக இருக்கும் என்று சொன்னது யார்? கன்றுக்கு ஒரு நியாயம், பெற்றவளுக்கு ஒரு நியாயமா? எழுதாமல் விட்ட இடத்தில் நிறம் நிற்கலாம், மனுஷி நிற்கக் கூடாதா?

பொருளாளர் கன்றைப் பார்த்தார். எடுப்பாகத்தான் இருந்தது.

போதகர் கமிட்டிக்காரர்களோடு சேரவில்லை. கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இந்தக் கதையைப் பிரசங்கிக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. தகப்பன் ஓடுகிற இடம் வந்ததும் அவர் குரல் உடையும், சபை முழுக்க மூக்கை உறிஞ்சும்.

செயலாளருக்குத்தான் அந்த யோசனை பளிச்சென்று தோன்றியது. யார் மனமும் நோகாமல் காரியத்தை முடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

"ஒரு சட்டையை மட்டும் அவ கையில குடுத்துடுங்கம்மா. வேலைக்காரி ஆயிடுவா. அவ்வளவுதான், முடிஞ்சுது."

அப்பாடா என்று ஐந்து பேரும் தலையாட்டினார்கள். அரை மணி நேர வேலை. சுவரும் தப்பும், சபை மானமும் தப்பும்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்றவளை அவள் வீட்டிலேயே வேலைக்காரி ஆக்க அரை மணி நேரம் போதுமாம்! முடியாது என்றாள். அழிப்பதானால் தகப்பன், மகன், கன்று என்று ஒட்டுமொத்தச் சுவரையும் அழித்துக்கொள்ளுங்கள், இவளை மட்டும் தனியாகத் தொட விட மாட்டேன் என்றாள். கடகடவென்று இறங்கி வந்து படத்தின்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். ஈரப் பெயிண்ட் முதுகில் ஒட்டியது. ஒட்டினால் ஒட்டட்டும்.

அப்போதுதான் போதகர் அசைந்தார். மூலையில் இருந்த வெள்ளைப் பெயிண்ட் வாளியையும் ரோலரையும் எடுத்துக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நேராக நடந்து வந்தார். வேதத்தில் இல்லாததைச் சேர்க்க இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். ரோலரை வாளியில் முக்கி எடுத்தார். அவளுக்கு மிக அருகில் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"தள்ளு. மீதியை வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

அவள் நகரவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"வீட்டுல அவன் பேரையே எடுக்கக் கூடாதுன்னீங்க. எட்டு வருஷமா எடுக்கலை. வாசல்ல வந்து நின்ன பிள்ளையை நீங்க திருப்பி அனுப்பினப்பவும் நான் உள்ளேயே நின்னேன். இப்ப சுவத்துல ஓடுறதையும் நிறுத்தணுமா?"

புருஷனும் பெண்டாட்டியுமாக அவர்கள் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்து ஆறு வருஷம் ஆகிறது. போதகருக்குப் பிள்ளை கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

ஐந்து பேரும் சுவரை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். ரோலரிலிருந்து வெள்ளை தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பிச் சாரத்தில் ஏறினாள். ஓடுகிறவளுக்கு இன்னும் ஒரு கால் பாக்கி இருந்தது.