நாற்பத்திரண்டாம் எண்

பல்கலைக்கழகத்தின் பழைய சுவர்கள் அந்தக் காலத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கியதும், மரகதவல்லி முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். முப்பது வருஷத்துக்கு முன், அப்பாவின் சாவுக்குப் போன நாளில் அவளுடைய நாற்பத்திரண்டாம் எண்ணுக்கு யாரோ 'பிரசென்ட்' சொல்லி பிராக்ஸி கொடுத்திருந்தார்கள். அந்த ஒரு நாள் வருகையால்தான் பரீட்சையே எழுத முடிந்தது.

"நீதானேடி?" என்றாள், கூடப் படித்த ரெஜினாவிடம்.

"தேவசகாயம் சார் வகுப்புலயா? கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிருப்பார்."

அவர்களுடைய பழைய வகுப்பறையின் கரும்பலகைச் சுவர் கரகரத்தது. சாரின் குரல் அந்த நாளின் வருகைப் பதிவை எடுத்துக்கொண்டிருந்தது.

"நாற்பத்திரண்டு."

மின்விசிறி மட்டும் கிறீச்சிட்டது. மரகதவல்லி ரெஜினாவின் கையை இறுகப் பற்றினாள்.

பிறகு சாரின் குரலே, அந்தச் சுவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பிரசென்ட் சார்" என்றது.

உடனே பழைய கடுகடுப்போடு, "நாற்பத்து மூன்று."